இன்னும் ஒரு தகடு கீழே

செங்கோடன் கட்ட வேண்டியிருந்தது நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். வட்டிக்கு வாங்கியதில்லை. சீட்டு எடுத்ததில்லை. மகளுக்குச் சீர் செய்து பட்ட கடனும் இல்லை. இருமியதற்கு.

ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன் அவன். காசநோய் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கினான், குணமானான், மறுபடி மூட்டைக் கொக்கியைக் கையில் எடுத்தான். விட்டது சனியன் என்றுதான் இருந்தான். அப்புறம் அதே குடோனில் சாக்கு தைக்கிற பாப்பாத்தி ரத்தமாக இருமிக்கொண்டு சாய்ந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நுரையீரலில் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். மண்டி முதலாளி தையல் பெண்களுக்குக் காப்பீடு போட்டிருந்ததால் கம்பெனி பணம் கட்டியது. கட்டிய கையோடு, இந்த நோய் யாரிடமிருந்து வந்தது என்று உள்கண்ணை வைத்துப் பார்த்தது. செங்கோடனிடமிருந்து என்று வந்தது.

முன்பெல்லாம் யாரிடமிருந்து ஒட்டியது என்று கேட்டால் கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்பார்கள். இப்போது உள்கண் என்கிற கருவிக்கும் வெளிச்சம். உயிரோடு இருக்கிற உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கே குடியிருக்கும் கிருமி எந்த ஆளிடமிருந்து கிளம்பி வந்தது என்று சொல்லிவிடும். சொன்னதும் சட்டம் வரும். நோயைக் கொடுத்தவர்தான் வைத்தியச் செலவைக் கட்ட வேண்டும். சட்டத்துக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. மண்டியில் அதற்கு இருமல் வரி என்று பெயர்.

நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்களாம். பயந்துகொண்டு எல்லோரும் சீக்கிரம் பரிசோதனைக்கு வருவார்கள் என்று நினைத்தார்களாம். வந்தது பயம் மட்டும்தான். இருமல் வந்தால் ஆட்கள் தூக்கிய மூட்டையிலேயே முகத்தைப் புதைத்து இருமினார்கள். லாரி கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்து, அந்தச் சத்தத்துக்கு அடியில் நாலு பேர் சேர்ந்து இருமினார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் தலை வைத்துப் படுக்கவில்லை.

செங்கோடன் தூக்குகிற ஒவ்வொரு மூட்டையிலும் பாதிக் கூலி கம்பெனிக்குப் போனது. மீதியில் அவன் சாப்பிட்டான். கட்டாமல் விட்டால் மண்டிக்குள் நுழைகிற அடையாளப் பில்லையைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் அவனுக்குப் பணத்தைவிடப் பெரிய பாரம் இன்னொன்று இருந்தது. பாப்பாத்தியக்காவுக்குத்தானா நான் இதைக் கொடுத்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

அதற்குக் காரணம் உண்டு. மண்டியில் ஒரு பழக்கம். இருமுகிற ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் கூலி போய்விடும். குடோனின் கடைக்கோடியில், காற்று வராத மூலையில், சாக்கு வாய் தைக்கிற வேலை நடக்கும். உட்கார்ந்தே செய்கிற வேலை. முடியாதவனை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்து, கையில் கோணி ஊசியைக் கொடுத்து, "நீ இங்கியே கெட மாமா, மூட்டையெ நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். மனசு நல்ல மனசு. ஆனால் தையல் பெண்களும் அதே மூலையில்தான் மூச்சு விட்டார்கள்.

செங்கோடன் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் கை நடுங்கி ஊசி விரலில் ஏறியது. அவன் பங்குச் சாக்கையும் பாப்பாத்திதான் தைத்தாள். தைத்துவிட்டு அவன் பேரில் கணக்குச் சொன்னாள். கொண்டுவந்த கஞ்சியில் பாதியை, வேண்டாம் என்றால் திட்டிக்கொண்டே, அவன் போசியில் ஊற்றினாள். அவன் உயிரோடு எழுந்து வந்தது மாத்திரையால் பாதி, அந்தக் கஞ்சியால் பாதி. அப்படித்தான் அவன் நம்பினான்.

ஒருநாள் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. உள்கண்ணை இயக்குகிற ஷகிலா பானுதான் கூப்பிட்டிருந்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"நிக்கறனுங்க டாக்டரம்மா. சட்டையெல்லாம் மஞ்சப்பொடி. உங்க மிஷின்ல ஒட்டிக்கப் போகுது."

"நான் டாக்டர் இல்லைண்ணே, மிஷின் ஓட்டறவ. மிஷினும் அந்த ரூம்ல இருக்கு. இங்க வெறும் திரைதான். உக்காருங்க. நீங்க கேட்ட மறுபார்வை வந்துருச்சு."

"நான் எதுவும் கேக்கலீங்களே?"

"உங்க பேர்ல பணம் கட்டியிருக்கே."

கூட்டாளிகள் யாரோ சேர்ந்து கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் கண் கலங்கியது. ஷகிலா திரையைப் போட்டாள். வெளுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன் ஓரம் தண்ணீரில் போட்ட துணி போல மெல்ல அசைந்தது.

"இது உயிரோட இருக்குதுங்களா?"

"இருக்கு. பாப்பாத்தியம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப எடுத்தது. காவல் காக்கற அணு. கிருமி வந்தா முழுங்கிக் கொல்லணும். ஆனா இந்தக் கிருமி, என்னை முழுங்குன்னு தன்னையே காட்டி உள்ள போயி, அங்கயே குடியிருக்கும்."

"வாடகை குடுக்காம."

ஷகிலா சிரித்துவிட்டாள். "ஆமா. பழைய கருவியில இதைப் பாக்கணும்னா அணுவைக் கொன்னு, சாயம் ஏத்தி, சீவித்தான் பாக்கணும். செத்த வீட்டுக்குள்ள நொழஞ்சு பாக்கற மாதிரி. உள்கண் அப்படியில்ல. வெளிச்சத்தைத் தகடு தகடா உள்ள இறக்கும். வீட்டுல இருக்கறவங்க பாட்டுக்கு இருப்பாங்க, நாம போயிப் பாத்துட்டு வந்துரலாம்."

வட்டத்துக்குள் ஒரு பொந்து தெரிந்தது. பொந்துக்குள் அரிசி நொய் மாதிரி இரண்டு மூன்று கிடந்தன.

"இதுங்களா எனக்கு நாலு லட்சம் வெச்சது?"

"இதுங்கதான். ஒரு ஆளை விட்டுக் கிளம்பறப்ப, இருந்த வீட்டுச் சுவத்துல ஒரு துணுக்கைக் கிழிச்சுத் தன் தோல்ல தைச்சுக்கும். அடுத்த ஆளோட அணு அந்தத் துணுக்கைப் பாத்து, அட நம்ம பயன்னு உள்ள விட்டுரும். கிருமி குட்டி போட்டாலும் அதே தையல் குட்டிக்கும் போகும். மொதத் தடவ மேல இருக்கற தையலை மட்டுந்தான் பாப்பாங்க. அது உங்களுது. மறுபார்வைன்னா அதுக்குக் கீழ இருக்கற தகடையும் பாக்கணும்."

செங்கோடனுக்குப் பழைய சாக்கு ஞாபகம் வந்தது. பிரித்துத் தைத்த சாக்கில் புதுச் சணலுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அவன் அதைச் சொன்னான்.

"அதேதாண்ணே. இப்பப் பாருங்க." பொந்துக்குள் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. "உங்க தையலுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. அது பாப்பாத்தியம்மாவோடது."

அவனுக்குப் புரியவில்லை.

"அவங்ககிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்துருக்கு. உங்ககிட்ட இருந்து திரும்ப அவங்களுக்கே போயிருக்கு."

அவன் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பொய் சொல்ல வேண்டியதில்லை, முதலில் அப்படித்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. நான் வாங்கினேன். சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சை இழுத்து விட்டான். அப்புறம்தான் கேட்டான்.

"அப்ப அந்தப் பணம்?"

ஷகிலா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "தன் நோய் தனக்கே திரும்புனா காப்பீடு கிடையாதுண்ணே. மொத்தமும் அவங்க தலையில ஏறிரும். உங்களை விட்டுருவாங்க. நீங்க ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்."

"கைநாட்டு இல்லீங்க. கையெழுத்தே போடுவேன்" என்றான். ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கினாலே பாப்பாத்திக்கு மூச்சு வாங்குவது கண்ணுக்குள் வந்தது. "போட மாட்டனுங்க. இதைப் பாக்காத மாதிரி அழிச்சுட முடியாதுங்களா?"

"அழிக்க முடியாது. ஆனா நீங்க கேக்காம நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை வசூல் அதிகாரி இங்க வருவாரு. அதுக்குள்ள யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

குடோனுக்குத் திரும்பியபோது பாப்பாத்தி தையல் மூலையில்தான் இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதலாளி அவளுக்குச் சின்னச் சாக்குகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா சொல்லுச்சு அந்தப் புள்ள?"

"எந்தப் புள்ளைங்க்கா?"

"நடிக்காத. ஆஸ்பத்திரிக்குத்தான போயிட்டு வர்ற."

"ஆமா. என்னுதுதானாமா. சந்தேகமே இல்லைன்னாங்க."

பாப்பாத்தி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள். "உனக்கு மூட்டை அடுக்கவும் வராது, பொய் பேசவும் வராது. மறுபார்வைக்குப் பணம் கட்டுனவளே நான்தாண்டா. தீவாளிச் சீட்டை ஒடச்சுக் கட்டுனேன்."

செங்கோடன் அப்படியே சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு நோவு வர்றதுக்கு முன்னால ஒரு கோடை பூரா எனக்கு இருமல். தன்னால நின்னு போச்சு. சோலி போயிருமேன்னு யாருகிட்டயும் மூச்சு விடல. அப்பறம் உன்னையக் கொண்டாந்து என் பக்கத்துல உக்கார வெச்சாங்க, காத்தே நொழையாத எடத்துல. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? உந்தலையில ஏறுன மூட்டை என்னுது. நான் எறக்கிக்கறேன்."

"நெஞ்சுல பாதியக் குடுத்துட்டு எதை எறக்குவீங்க? நான் தூக்கிப் பழகுனவன். இதுவும் ஒரு மூட்டை, தூக்கிட்டுப் போறேன்."

"ஏண்டா, நான் ஊத்துன கஞ்சிக்குக் கூலி குடுக்கறயா?"

"ஆமாங்க்கா. அப்படித்தான் வெச்சுக்கங்களே."

"நாலு லட்சத்துக்கா கஞ்சி ஊத்துனேன்? நெய்யா விட்டிருந்தேன் அதுல?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியதும் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். இப்ப வாயைக் காட்டாத, சாக்கைப் புடி."

வசூல் அதிகாரி ஞானசுந்தரம் கடுகடுத்த ஆள் இல்லை. ஷகிலாவின் அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"நீங்க எனக்கு அந்நியம் இல்ல. எங்கப்பா பெரியசாமி, உங்க மண்டியிலதான் தரகு பாத்தாரு. பள்ளிக்கூடம் விட்டா நான் நேரா அங்கதான் வருவேன். சாக்கு தைக்கற மூலையில, சாக்கு மேலயே தூங்கிப் போவேன். பொம்பளைங்க வெல்லம் குடுப்பாங்க. அந்த மஞ்ச வாசம் இன்னும் மூக்குல இருக்கு." பெருமூச்சு விட்டார். "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"நான் கட்டறனுங்க சார். எப்பவும் போலப் புடிச்சுக்கங்க" என்றான் செங்கோடன்.

"அவன் பேச்சைக் கேக்காதீங்க. அது என்னுதுங்க" என்றாள் பாப்பாத்தி.

"அக்கா, சும்மா இருங்க."

"நீ சும்மா இருடா."

ஞானசுந்தரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எத்தனையோ வசூல் பாத்துட்டேன். என் கடன் இல்லைன்னுதான் சண்டை போடுவாங்க. எனக்குக் குடு எனக்குக் குடுன்னு கடனுக்கு அடிச்சுக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பாப்பாத்தி விடவில்லை. ஷகிலாவைப் பார்த்து, "காட்டு கண்ணு" என்றாள். ஷகிலா செங்கோடனைப் பார்த்தாள். பணம் கட்டியவள் கேட்ட பிறகு அவன் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டான். திரையில் அவன் தையல் தெரிந்தது, அடுத்து அதற்குக் கீழே அவளுடையது.

"அப்பப் பொறுப்பு அம்மாவோடது" என்று ஞானசுந்தரம் தன் கருவியைத் தட்ட ஆரம்பித்தார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"சார், ஒரு நிமிசம்" என்றாள் ஷகிலா. "அம்மாவுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னும் பாக்கலாம். ஆளுக்கு ஆள் பின்னால போறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. சம்பந்தப்பட்டவங்க கேட்டா நான் பாத்துத்தான் ஆகணும்."

செங்கோடன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். மூலையில் உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு முகமும் வந்து போனது. பிள்ளைகுட்டிக்காரர்கள். "எறக்கி வெக்கற மூட்டை இன்னொருத்தன் தலையில போயி உக்காந்துச்சுன்னா?"

பாப்பாத்தி அவன் முழங்கையைத் தொட்டாள். "கேளு. அது யாருன்னு எனக்குத் தெரியும். அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"கேக்கறனுங்க" என்றான். கையெழுத்தையும் போட்டான்.

வெளிச்சம் இன்னும் ஒரு தகடு இறங்கியது. மங்கலாக, நைந்துபோன நூல் மாதிரி ஒரு துணுக்கு. அதை ஆஸ்பத்திரி சேர்த்து வைத்திருக்கிற பழைய நோயாளிகளின் சளி தடவிய கண்ணாடிச் சில்லுகளோடு கருவி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தது. ஷகிலா வாசித்தாள்: "ராக்கியண்ணன். மஞ்சள் மண்டி. இறந்துட்டாரு."

செங்கோடனுக்கு உடம்பு சிலிர்த்தது. ராக்கியண்ணன் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. மண்டிக்கு வந்த நாள் முதல் மண்டியிலேயே தூங்கினார். இருமல் வந்ததும் வழக்கம் போல மூலையில் உட்கார வைத்தார்கள். ஒரு மத்தியானம் அங்கேயே சாக்கு மேல் அடங்கிப் போனார். கடைசியாக அவர் வாயில் தண்ணீர் விட்டது பாப்பாத்தி.

"இறந்துட்டா வாரிசுகிட்ட வசூல்" என்றார் ஞானசுந்தரம். "பொண்டாட்டி, புள்ளைங்க?"

"ஒருத்தருமில்லீங்க."

"கொள்ளி வெச்சது யாரு? எழுத்துல வாரிசு இல்லைன்னா, கொள்ளி வெச்சவரைத்தான் வாரிசா எடுத்துக்கச் சட்டம் சொல்லுது."

செங்கோடன்தான் சொன்னான்.

"எல்லாருந்தாங்க."

"எல்லாரும்னா?"

"ஆளில்லாதவங்க போனா மண்டியில ஒருத்தரா கொள்ளி வெக்க மாட்டோமுங்க. பெரிய பாரம் தூக்கற மாதிரி. கட்டை ஒண்ணு, அதுமேல கைமேல கை வெச்சு அத்தனை பேரும் புடிச்சுக்குவோம். கை எட்டாதவங்க முன்னால நிக்கறவங்க தோளைப் புடிச்சுக்குவாங்க."

"நாங்களும் போனோம்" என்றாள் பாப்பாத்தி. "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரலாமான்னு யாரும் கேக்கல. என் கையும் அதுல இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். "உங்கப்பாவும் வந்தாருங்க தம்பி. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. தரகருங்கள்ல வந்தது அவரு மட்டுந்தான். அவரு கையும் இருந்துச்சு."

ஞானசுந்தரம் தட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எங்கப்பாவும் கடைசியில இருமிட்டேதான் இருந்தாரு" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. "மண்டியில மத்தவங்க விடற சிகரெட்டுப் பொகையால வந்துச்சுன்னு நெனச்சோம். அவரு சிகரெட்டே குடிச்சதில்ல."

ஷகிலா கருவியின் திருகில் கையை வைத்தபடி நின்றாள். திரையில் ராக்கியண்ணனின் துணுக்குக்கு அடியில் இன்னும் ஏதோ நிழலாடியது.

"சார், இதுக்குக் கீழயும் இருக்கு. இன்னும் ஒரு தகடு இறக்கட்டுமா?"

செங்கோடன் அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாக்கு மேல் வாய் திறந்து தூங்குகிற பையன் ஒருவன் அந்த முகத்தில் இருந்தான். அவன் மூச்சு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. ஞானசுந்தரத்தின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது.

"வேண்டாம்மா" என்றார். "போதும்."

தன் கருவியில் மெதுவாகத் தட்டினார். தட்டியதை உரக்க வாசித்தார்: "நோய்க்கு மூலமானவர் இறந்தார். வாரிசு இல்லை. முழுத் தொகையும் தள்ளுபடி." வாசித்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, ஷகிலாவிடம், "எனக்கு ஒரு பரிசோதனை பண்ணனுமே, என்னைக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

"இப்பவே வாங்க சார்" என்றாள் அவள்.

செங்கோடன் அவரைப் பார்த்துக் கும்பிட்டான். ஷகிலாவைக் கும்பிட்டான். பிறகு பாப்பாத்தி பக்கம் திரும்பினான். அவளோ திரையைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, அவருக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது. இதை எடுத்துத் தர முடியுமா?"

ஷகிலா படமாக்கிக் கொடுத்தாள். கறுப்பில் ஒரு நைந்த வெள்ளை நூல், அவ்வளவுதான். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மஞ்சள்பொடி படாமல் செங்கோடன் மண்டிக்குக் கொண்டுவந்தான்.

இப்போது சாக்கு தைக்கிற இடம் குடோனுக்குள் இல்லை. வெளியே, லாரி நிற்கிற வாசலில், நாலு பக்கமும் காற்று அடிக்கிற தகரக் கொட்டகையில். கொட்டகையைப் போட்டவர்கள் கூட்டாளிகள்தான், கூலி கேட்கவில்லை. செங்கோடன் விஷயத்தைச் சொன்ன பிறகு, லாரிச் சத்தத்துக்குக் காத்திருந்து இருமியவர்களில் சிலர் ஷகிலாவிடம் போனார்கள். சிலர் மறுபார்வை கேட்டார்கள். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்வி.

கொட்டகைத் தூணில் அந்தப் படம் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு டிரைவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன சாமிங்க?" என்று கேட்டான்.

"சாமி இல்லீங்க, எங்க கூட்டாளி" என்றான் செங்கோடன்.

"செங்கோடா, கம்பெனிக்காரன் கடன் உனக்கு எவ்வளவு நிக்குதுன்னு அந்தத் தம்பிக்குச் சொல்லு" என்றாள் பாப்பாத்தி, சணலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"ஒண்ணும் நிக்கலீங்க்கா. ராக்கியண்ணன் கட்டிட்டாரு."